ஆலம்பரைக்கு நடந்து போனால்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிற கார்கள் கடப்பாக்கத்தில் நிற்பது அபூர்வம். நிற்கிற ஒன்றிரண்டும் டீக்கோ இளநீருக்கோ நிற்கும். அப்படி நின்றவர்களில் சிலர், ‘ஆலம்பரைக் கோட்டை’ என்று அம்புக்குறி போட்ட பலகையைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிழக்கே திருப்புவார்கள். செங்கல் சுவர் ஓரத்தில் நாலு படம் எடுப்பார்கள். ‘ஒண்ணுமில்லப்பா, வெறும் குட்டிச்சுவரு’ என்று திரும்பிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஆல்பம் போடுகிற ஜோடிகள் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் இருப்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செஞ்சியைப் பார்த்த கண்ணுக்கு ஆலம்பரை ஒரு கோட்டையாகவே தெரியாது. சுமார் 15 ஏக்கர் பரப்பு, இடிந்த மதில், வாய் பிளந்த கொத்தளங்கள், உள்ளே முள்ளும் புல்லும். அவ்வளவுதான். ஆனால் ஆலம்பரையில் அழிந்தது கோட்டை மட்டுமில்லை, ஓர் ஊர். கப்பல் வந்த துறை, காசு அடித்த சாலை, யாத்திரிகர் தங்கிய சத்திரம், சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றிய கிட்டங்கி எல்லாம் இருந்த ஊர். அந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் காரைக் கடப்பாக்கத்திலோ அதற்கும் முன்னாலோ விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

அப்படித்தான் நடந்தோம். கூட்டம் என்று பெரிதாக இல்லை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், அவருடைய பழைய மாணவர்கள் சிலர், சென்னையிலிருந்து வந்த பறவைப் பைத்தியங்கள் இருவர், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கூடிய இடம் செய்யூர் கந்தசாமி கோயில் வாசல். பொன்விளைந்த களத்தூர்க்காரரான அந்தக்கவி வீரராகவ முதலியார் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் பாடிய முருகன் இவர். கண் தெரியாத அந்தப் புலவருக்கு இந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் காலால் தெரிந்திருக்கும் என்றார் ஆசிரியர்.

*

செய்யூர் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். தாலுகா ஆபீஸ், சந்தை, மேற்கே வந்தவாசி வழியாகப் போளூருக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை. கிழக்கே திரும்பினால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. நெல் வயல் முடிகிற இடத்தில் உப்பளம் ஆரம்பம். சதுரம் சதுரமாகப் பாத்தி, நடுவே களிமண் வரப்பு. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே வந்துவிடுகிறார்கள். நீளக் கம்பில் பலகை பொருத்திய வாருகோலால் ஒரு பெண் உப்பை இழுத்துக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். காலில் பழைய சாக்ஸ், அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் ரப்பர் பட்டை. ‘செருப்பு போட்டா பாத்தி மிதிபடும், போடலைன்னா காலு வெடிக்கும்’ என்றார். உப்பு விலையைக் கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான்.

உப்பளத்தைத் தாண்டினால் கழி. கடலுக்கு இணையாகக் கிடக்கிற உப்பங்கழிகள்தான் இந்தக் கரையின் அடையாளம். வடக்கே செய்யூர்க் கழி, ஓதியூர்க் கழி. முதலியார்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் படகுத் துறை இருக்கிறதே, அது இந்தக் கழியில்தான். தெற்கே மரக்காணம் பக்கத்தில் கழுவெளி ஏரியின் உப்பு நீர் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலில் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மணல் மேடும் பனையும் சவுக்கும் தென்னையுமாக நீண்டு கிடக்கிற நிலத்துக்கு இடைக்கழிநாடு என்று பெயர். இன்றைக்கும் பேரூராட்சியின் பெயர் அதுதான். சங்க காலத்துப் பெயரோடு வரி ரசீது கொடுக்கிற பேரூராட்சிகள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கி வருகிற பாணன், எதிரே வருகிற ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு அது. ஆற்றுப்படை என்றாலே நடந்து போகிறவனுக்கான வழிகாட்டிதானே. எங்கே போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊருக்குப் போனால் நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூருக்குப் போனால் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூருக்குப் போனால் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும். எயிற்பட்டினத்தில் அடுப்பு எரிக்கிற விறகு, அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டை என்கிறார் புலவர். கரையில் கிடக்கிற அந்தக் கட்டைகள் அவருக்குப் படுத்துத் தூங்கும் ஒட்டகங்களாகத் தெரிகின்றன. கடல் வாணிகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவனுக்கு இந்த ஊர்க் கடற்கரையில் ஒட்டகம் எப்படித் தோன்றும்?

எயிற்பட்டினம் எது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மரக்காணம் என்று சொல்பவர்களே அதிகம். ஆலம்பரை என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியர் இரண்டாவது கட்சி. இடைக்கழிநாட்டில் பிறந்தவர் வேறென்ன சொல்வார்! இரண்டு இடமும் ஒரே கழிமுகத்தின் இரு பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதால் இதில் நான் தலையிடவில்லை. கழிமுகம் இடம் மாறும். துறையும் அதன் பின்னால் போகும். இந்தக் கரையில் ஓர் ஊர் எங்கே இருந்தது என்று கேட்பதைவிட, அந்தக் காலத்தில் கழி எங்கே வாய் திறந்திருந்தது என்று கேட்பது பயனுள்ள கேள்வி. இதே கரையில் வடக்கே, பாலாறு கடலில் சேரும் வயலூர் பக்கத்தில் வசவசமுத்திரம் இருக்கிறது. 1970 வாக்கில் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது உறைகிணறும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. இன்று அங்கே துறைமுகம் என்று சொல்ல எதுவும் இல்லை.

*

கடப்பாக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகிற சாலை தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிறது. இரு பக்கமும் தர்ப்பூசணிக் கொடி, மணிலா, சவுக்குத் தோப்பு. மணலில் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கடலுக்கு இத்தனை கிட்டத்தில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பாய்மரக் கப்பல் ஒரு துறைக்கு வருகிறதென்றால் முதலில் பார்ப்பது ஆழத்தை, அடுத்துப் பார்ப்பது தண்ணீரை. ஆலம்பரையில் ஏன் ஊர் ஏற்பட்டது என்பதற்குப் பாதி விடை இந்தத் தோப்புக் கிணறுகளிலேயே கிடைத்துவிடுகிறது. காரில் போனால் கிணறு கண்ணில் படாது.

மீதி விடை கோட்டை மதில் மேல் ஏறினால் தெரிகிறது. கிழக்கே உடனே கடல் இல்லை. முதலில் கழி, அதன் அப்பால் வெள்ளை மணல் திட்டு, அதற்கும் அப்பால்தான் வங்கக் கடல். அலை அடிக்காத தண்ணீர். உள்ளே வந்துவிட்டால் படகுக்குப் பயமில்லை. சென்னையில் அந்தக் காலத்தில் கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்கினார்கள். அதில் கவிழ்ந்தவை எத்தனையோ. ஆலம்பரைக்கு இயற்கையே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தது. கோட்டையிலிருந்து 100 மீட்டர் நீளத்துக்குக் கப்பல் துறை ஒன்று நீண்டிருந்தது என்று பதிவு இருக்கிறது.

கோட்டை எப்போது கட்டப்பட்டது? 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், முகலாயர் ஆட்சியில் என்பது ஒரு கணக்கு. 1736-க்கும் 1740-க்கும் நடுவில் என்பது இன்னொரு கணக்கு. எப்படியானாலும் 1735 வாக்கில் இந்த இடம் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலிகானின் கையில் இருந்தது. துறைமுகத்தைவிட அவருக்கு இங்கே பெரிய சொத்து ஒன்று இருந்தது. தங்கசாலை.

இந்தத் தங்கசாலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊரின் உயிர் அதில்தான் இருந்தது.

ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியாவில் துணி வாங்கக் கப்பலில் கொண்டுவந்தது பெரும்பாலும் வெள்ளி. ஆனால் நெசவாளரும் தரகரும் வரி வாங்குகிறவரும் வெள்ளிக் கட்டியை வாங்க மாட்டார்கள். தில்லி பாதுஷாவின் பெயர் பொறித்த ரூபாயாக வேண்டும். அதை அடிக்கிற உரிமை நவாபுக்கு. ஆற்காட்டிலும் ஆலம்பரையிலும் அவருடைய தங்கசாலைகள் இருந்தன. கடலோரத்தில் இருந்தது ஆலம்பரை. வெள்ளியை அங்கே கொடுத்து, கூலியும் கழிவும் போக ரூபாயாக வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளி வந்தால் அதோடு நிறை பார்ப்பவர், உருக்குகிறவர், தட்டான், கணக்கன், வட்டிக்காரன், காவல்காரன் எல்லாரும் வருவார்கள். காசு புரள்கிற இடத்துக்குச் சரக்கு தானாக வரும்.

தங்கசாலைப் பொறுப்பில் இருந்த பொட்டிபத்தன் என்பவர், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போகிற யாத்திரிகர்களுக்காக இங்கே பெரிய சத்திரமும் குளமும் சிவன் கோயிலும் கட்டினார் என்று கோட்டை பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. தங்கசாலைக்காரர் சத்திரம் கட்டுகிறார் என்றால் ஊருக்கு ஆள் நடமாட்டம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது புதுச்சேரிக்காரர்கள் கண்ணை உறுத்தியது. அங்கே கவர்னராக இருந்த துய்மா, நாமே ரூபாய் அடித்துக்கொண்டால் கூலியும் மிச்சம், காலமும் மிச்சம் என்று நினைத்தார். நவாபிடம் பேச்சு நடந்தது. நடுவில் நின்று முடித்துக் கொடுத்தவர் நவாபின் அதிகாரியான இமாம் சாகிபு. 1736-ல் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையைத் தோஸ்து அலி எழுதிக் கொடுத்தார். அதே 1736 செப்டம்பரில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்குகிறார். 25 ஆண்டுகள் தமிழில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளில் ஆலம்பரை என்ற பெயர் அடிக்கடி வந்து போகிறது. அவருக்கு அது அடுத்த ஊர். கோட்டையாக அல்ல, வியாபாரக் கூட்டாளியாகவும் போட்டியாளராகவும் தெரிந்த ஊர்.

ஆலம்பரைக்கு முதல் அடி அந்த ஒப்பந்தம்தான் என்பது என் கட்சி. குண்டு விழுந்தது பின்னால். 1742-ல் ஆங்கிலேயரும் சென்னையில் ஆற்காட்டு ரூபாய் அடிக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். வெள்ளி கொண்டுவருகிற இரண்டு பெரிய கைகளும் சொந்தமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தபின், கடலோரத்து நவாப் தங்கசாலையில் யாருக்கு வேலை?

அதற்குள் தோஸ்து அலியும் போய்விட்டார். 1740 மே மாதம், தாமல்செருவுக் கணவாயில் ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படையோடு நடந்த சண்டையில் உயிர் விட்டார். ஆற்காட்டுக் குடும்பத்துப் பெண்கள் அடைக்கலம் தேடி ஓடியது புதுச்சேரிக்கு. இந்த ஒரு செய்தி போதும், கடற்கரையில் யார் பலசாலி ஆகிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல. பத்தே ஆண்டில், 1750-ல், தக்காண சுபேதார் முசாபர் ஜங், தனக்குப் பட்டம் கிடைக்க உதவிய புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேவுக்குப் பிரதியுபகாரமாக ஆலம்பரைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். தங்கசாலையை இழந்த ஊரைத் தங்கசாலையை வாங்கிக்கொண்டவர்களுக்கே தானம் கொடுத்த மாதிரி.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசிப் போர். காலையில் நாங்கள் செய்யூரில் பார்த்த சாலை உள்நாட்டில் போய்த் தொடுகிற அதே வந்தவாசி. ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அடுத்த சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆலம்பரையும் அதில் ஒன்று. ஆங்கிலேயர் அதைப் பிடித்து, இனி எவனுக்கும் உதவாதபடி இடித்துப் போட்டார்கள்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள்: வெள்ளைக்காரன் இடித்தான், ஊர் அழிந்தது. அப்படியானால் புதுச்சேரி? அடுத்த ஆண்டே, 1761-ல், புதுச்சேரியையும் பிடித்து இதைவிடக் கொடூரமாகத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்ததும், பிரெஞ்சுக்காரர் வந்து அதே இடத்தில் அதே தெருக்களைத் திரும்பக் கட்டினார்கள். இன்று அங்கே ஓட்டலில் ரூம் கிடைக்காது. இடிபட்டதால் மட்டும் ஊர் சாகாது. திரும்பக் கட்ட எவனுக்கு லாபம் என்பதுதான் கேள்வி. ஆலம்பரையைத் திரும்பக் கட்ட யாருக்கும் காரணம் இல்லை. நவாபுக்குக் கடன் கழுத்து வரை. பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி போதும். ஆங்கிலேயருக்குச் சென்னை இருக்கிறது. தட்டானும் தரகனும் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள்.

இது நம் கரைக்கு மட்டும் உள்ள விதியல்ல. அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளி நாட்டில், மிசௌரி ஆற்றங்கரையில் குவிண்டாரோ என்று ஒரு துறை ஊர் இருந்தது. 1850-களின் பிற்பாதியில் எழுந்தது. அடிமை முறையை எதிர்த்தவர்களும் வயண்டாட் பழங்குடியினரும் சேர்ந்து உண்டாக்கியது. ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அது அடைக்கலம். பொருளாதார நெருக்கடி, ரயில் வேறு ஊருக்குப் போனது, உள்நாட்டுப் போர் என்று மூன்றும் சேர்ந்து அடித்ததில் 1862-லேயே அதன் நகர அந்தஸ்து போனது. நூறு ஆண்டுக்கு மேல் புதருக்குள் கிடந்த அதன் கல் சுவர்கள், 1980-களில் அங்கே குப்பைக் கிடங்கு போடத் திட்டமிட்டபோது நடந்த அகழாய்வில்தான் வெளியே வந்தன. அங்கே எழும்பிய ஊரை ஐந்தாறு வருடத்தில் ரயில் பாதை தீர்த்தது. இங்கே ஒரு காகிதம் தீர்த்தது.

*

மதில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். செங்கல் கையகலம்தான், அந்தக் காலத்துத் தட்டையான செங்கல். நடுவில் சுண்ணாம்புச் சாந்து. விரலால் கிளறிப் பார்த்தால் சாந்துக்குள் கிளிஞ்சல் துணுக்கு தெரிகிறது. கழியில் கிடைக்கிற கிளிஞ்சலைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுத்திருப்பார்கள். மழை செங்கலைக் கரைத்துக் குழியாக்கியிருக்கிறது, சாந்து மட்டும் எலும்பாக நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒவ்வொரு குழியிலும் விரல் விட்டுக் காசு தேடினாள். ‘பாட்டி, இங்கதான அடிச்சாங்க, ஒண்ணுகூடவா விழுந்திருக்காது?’

கேள்வி சரிதான். 2011–12-ல் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கோட்டை இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. ஆனால் பலகையை ஒட்டியே பீர் பாட்டில் சில்லு. சுவர் முழுக்க ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். ஒதுங்க நிழலில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பாதுகாப்பு என்று காகிதத்தில் எழுதுவது ஒன்று, ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நிறுத்துவது வேறு.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. ஏற்கெனவே ஆடிப்போயிருந்த மதிலில் சில பகுதி சரிந்தது. இங்கே கிடக்கிற பெரிய உடைசல் பாளங்களைக் காட்டி, ‘இதெல்லாம் நேராத்தான் நின்னது, நாங்க சின்னப் பசங்களா ஏறி விளையாடுவோம்’ என்றார் படகோட்டிப் பெரியவர். குப்பத்துக்காரர். கழியில் சுற்றிக்காட்டுகிற படகு வைத்திருக்கிறார்.

‘கைவிடப்பட்ட ஊர்’ என்று எழுதுகிறோமே, அவரைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கோட்டைக்கு எட்டிய தூரத்தில் ஆலம்பரைக்குப்பம் உயிரோடு இருக்கிறது. நவாப் வந்தபோதும் இருந்திருக்கும், கூட் வெடி வைத்தபோதும் இருந்திருக்கும். கோட்டை அவர்களுக்குத் தொழில் தரவில்லை, கழி தருகிறது.

‘ஐயா, முகத்துவாரம் எப்பவும் இங்கேயேதான் இருக்குமா?’ என்று கேட்டேன்.

‘அதெப்படி தம்பி இருக்கும்? கோடையில தெக்கத்திக் காத்து அடிச்சா மணலக் கொண்டாந்து மூடும். ஐப்பசி கார்த்திகையில மேலேருந்து வெள்ளம் வந்தா ஒடைச்சிக்கிட்டுப் போவும். சில வருசம் இங்க ஒடைக்கும், சில வருசம் அங்க. மூடிக்கிச்சின்னா நாங்களே மம்புட்டி எடுத்துக்கிட்டுப் போயித் தொறந்து விடுவோம்.’

கடலியல் பாடத்தில் சொல்வதும் இதையேதான். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும் பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது திசை மாறுகிறது. கழியின் வாய் இதற்கு நடுவில் திறந்தும் மூடியும் கிடக்கிறது. பெரிய கப்பல் வந்து நிற்க இது போதாது. மணல் வாரி ஆழப்படுத்த அரசு வேண்டும், பணம் வேண்டும், அதற்கு ஓர் அவசியம் வேண்டும். தங்கசாலை இருந்தவரை அவசியம் இருந்தது.

வாய் திறந்திருந்தால் கடல் இறால் குஞ்சு கழிக்குள் வந்து வளரும். மடவை, கொடுவா, நண்டு எல்லாம் வரும். மூடிவிட்டால் தண்ணீர் சூடேறி உப்பு கூடும். மீன் செத்து மிதக்கும். அதனால்தான் மண்வெட்டி. ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இருவர் மண்டி போட்ட நிலையில் சேற்றைக் கையால் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரலில் இறால் தட்டுப்பட்டால் அப்படியே அமுக்கி எடுத்து, பல்லில் கவ்வியிருக்கிற ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். அவர்கள் கை போன பக்கம் தண்ணீர் மட்டும் லேசாகக் கலங்குகிறது. பறவை பார்க்க வந்த சென்னைக்காரர்கள் இருவரும் தொலைநோக்கியைப் பூநாரைக் கூட்டத்திலிருந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது மரியாதைக் குறைவு என்று ஆசிரியர் சொல்ல, இறக்கி வைத்தார்கள்.

*

ஆலம்பரைக்குப் பிறகும் இந்தக் கரையைத் துறை ஆக்கிப் பார்க்கிற ஆசை யாரையும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்தது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கியது, பிற்பாடு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் வேலையும் அதில் சேர்ந்திருக்கிறது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே நிலைத்தது. கழிகளைக் கோத்துக்கொண்டு போன அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. லாரி வந்ததும் அதுவும் நின்றது. சுனாமி நாளில் அலையின் வேகத்தை அந்தக் கால்வாய் கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டது என்பதோடு அதன் பெருமை முடிந்தது. இப்போது பல இடத்தில் அது வெறும் பள்ளம்.

அப்புறம் வந்தது அனல் மின் நிலையம். செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் திட்டம். நிலக்கரி இறக்கப் பனையூர்க் கரையில் தனித் துறை. 2013-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. மீனவர்களும் விவசாயிகளும் கழி போனால் எல்லாம் போகும் என்று எதிர்த்தார்கள். 2015-ல் ஒப்பந்தப் புள்ளிகள் ரத்தாயின. திட்டம் அப்படியே கிடப்பில் போனது. அது வந்திருந்தால் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் வாதாடினார். எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். விவாதம் சாப்பாட்டோடு முடியவில்லை, திரும்புகிற வழியெல்லாம் ஓடியது. நான் ஆசிரியர் பக்கம். ஒரே தொழிலை நம்பி எழும்புகிற துறை ஊர் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி எதிரிலேயே நிற்கும்போது வேறு எந்தப் பக்கம் போவது?

கோட்டையைப் புதுப்பிக்க வேண்டுமா என்பதிலும் சண்டைதான். சிமெண்டு பூசி, கலர் விளக்குப் போட்டு, வாசலில் வளைவு வைத்தால் கூட்டம் வரும் என்பது இளையவர்கள் பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை. நிற்கிற சுவர் விழாமல் முட்டுக் கொடுத்து, வேரோடிய செடிகளை எடுத்தால் போதும். அதைவிட அவசரமானது, தங்கசாலை எங்கே இருந்தது, துறை எந்தப் பக்கம் நீண்டது, சத்திரமும் குளமும் எங்கே என்று காட்டுகிற ஒரு நல்ல வரைபடம். குப்பத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து, வருகிறவர்களுக்குச் சொல்ல வைக்கலாம். படகோட்டிப் பெரியவருக்குத் தெரிந்த முகத்துவாரக் கதை எந்தப் பலகையிலும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மாமல்லபுரத்திலிருந்து 50. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிற புதுச்சேரி பஸ்ஸில் கடப்பாக்கம் டிக்கெட் எடுங்கள். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தை, மாசி நல்ல மாதங்கள். வெயில் குறைவு, கழியில் தண்ணீரும் பறவையும் இருக்கும். விடியலில் நடையைத் தொடங்கிப் பத்து மணிக்குள் கோட்டையை அடைந்துவிடுவது உத்தமம். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், காலி பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள். மணல் திட்டுக்குப் படகில் போனால் கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்; உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு அதிகம் என்று குப்பத்தில் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்பதே இல்லையாம்.